பதினோராவது அடி

செல்லூர் மொட்டைமாடி.
இரண்டு பிரம்பு, ஒரு வாட்டர் டேங்க்.
மணிலாக்காரர்கள் இதைச் சினவாலி என்கிறார்கள்.
பின்னல் என்று அர்த்தமாம்,
பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே
கீழே ரெங்காராம் வீட்டு விசைத்தறிக்குத்தான்
கை போட்டுக்கொண்டிருந்தேன்.
டக்கட டக்: வலது மேலே, இடது கக்கத்தில்.
டக்கட டக்: கால் மாற்று.

ஆறாவது அடியில் குனிவேன்.
எதிரி யாருமில்லை,
ஃபிலோ அக்காவின் ஈரப் போர்வை.
கொடியை அவிழ்த்த பிறகும்
குனிவு போகவில்லை. கிடக்கட்டும் என்று விட்டேன்.

பதினோராவதில் ஒருநாள் கரண்ட் போனது.
தறி நின்றது. பிரம்புகள்
ஒன்றையொன்று தொடாமல்
ஒரு விரற்கடை தள்ளி
அப்படியே.
வைகைப் பாலத்தில் ரயில் போவது கேட்டது.
மூன்று வாரமாக முடிவைத் தேடினேன்;
கிடைத்தது நடு.

ரேஸ்கோர்ஸ் உள்ளரங்கில் தொண்ணூறு நொடி.
குனிந்தேன். நின்றேன்.
நடுவரின் பேனாவும் நின்றது.
முடித்ததும் கேட்டார்,
"நடுவுல மறந்துட்டியாம்மா?"
"இல்ல சார், அந்த இடத்துல கரண்ட் போகும்."

அரை மதிப்பெண் குறைத்தார்.
ஞாயிற்றுக்கிழமை மாடியேறி
அந்த இடத்தை
இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.