ஆழம் தெரியாமல் காரை விடுகிறவர்கள்

இந்தக் கோடையில் நான் இழுத்த பதினேழாவது கார்.
வெள்ளை நிறம், வாடகை வண்டி,
கதவுப் பிடிவரை பனியாற்றுத் தண்ணீர்.
கூரைமேல் ஒருவர்
முட்டையை விட்டு இறங்காத கோழிபோல
உட்கார்ந்திருந்தார்.

காலையில் வந்திருந்தால் முழங்காலளவுதான்.
வெயில் ஏற ஏற மேலே பனிமலை கசியும்.
காலை ஆறு மணிக்கு இருந்த ஆறு
மாலை நான்கு மணிக்கு வேறு ஆறு.
பலகை எழுதி நட்டிருக்கிறேன், ஐந்து மொழிகளில்:
ஆழம் தெரியாமல் காரை விடாதீர்.
பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு
விடுகிறார்கள்.

டிராக்டரை நான் பின்னுக்கு எடுத்தேன்.
இடுப்பளவு நீரில் இறங்கிச் சங்கிலி மாட்டியவன்
என் தம்பி கெட்டில்.
அப்போது அவன் வைததை
எந்த மொழியிலும் பலகையில் எழுத முடியாது.

பெலார்மினு என்று பெயர்.
போர்ச்சுகல்காரர், அறுபத்தாறு வயது.
கெட்டிலின் கம்பளிச் சட்டைக்குள் பல் கிட்டிக்க
எங்கள் சமையலறையில் உட்கார்ந்தவர்
முதலில் கேட்டது காபி இல்லை,
துணி மாட்டும் கிளிப்.
பையிலிருந்து நனைந்த காகிதம் ஒன்றை எடுத்தார்:
கண்ணை மூடுவதற்குள் செய்ய வேண்டியவை
முப்பத்தொன்று.
அடுப்புக் கம்பியில், என் காலுறைகளுக்கு நடுவே,
அது தொங்கியது.

மை கரைந்து
எரிமலை அருவிக்குள் வடிந்திருந்தது.
திமிங்கிலத்துக்கு வால் மட்டும் மிச்சம்.
பதினான்காவது வரி முழுக்க நீலக் கறை.
இது என்ன என்றேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"ஞாபகமில்லை.
ஆனால் ரொம்ப ஆசைப்பட்டது."

உன் பட்டியலில் என்ன, என்று கேட்டார்.

எரிமலை எனக்கு ஜன்னல்.
போன தடவை அது வெடித்தபோது
ஆட்டுக் கொட்டகைக் கூரையில் மூன்று நாள் சாம்பல் வாரினேன்.
அருவியை ஒட்டி எங்கள் வேலி போகிறது,
வருஷத்துக்கு இரண்டு முறை கம்பி அறுந்துவிடும்.
வானத்தில் ஆடும் அந்தப் பச்சை வெளிச்சம்
நாயைத் தேடிப் போன ஒரு ராத்திரி
டார்ச்சுக்கு பேட்டரி மிச்சம் பிடித்துத் தந்தது.
பட்டியல் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"ரயில்" என்று வந்துவிட்டது.

ஐஸ்லாந்தில் ரயில் கிடையாது.
கண் அறுவைக்காக ஒருமுறை கோபன்ஹேகன் போனேன்,
கட்டுப் போட்ட கண்ணோடு, டாக்ஸியில்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.
சிரிக்கிறாரா இருமுகிறாரா, தெரியவில்லை.
முப்பத்துநான்கு வருஷம் ரயில் ஓட்டியவராம்.
ஒரே ஆற்றங்கரை, ஒரே தண்டவாளம்.
"இடப்பக்கம் திருப்ப ஒரு ஸ்டியரிங் இல்லை, ஸ்வாவா!
இன்று ஆற்றைப் பார்த்தேன்,
கையில் ஸ்டியரிங் இருந்தது."

பிறகு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.
ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.
விரல்களால் மேஜையில் தாளம்,
பாலம் வந்தால் முழங்கையால்.
கரண்டிகள் நடுங்கின.
சுரங்கப் பாதை என்று எழுந்து விளக்கை அணைத்தார்.
ஜூன் மாதம்.
நள்ளிரவிலும் எங்கள் ஜன்னலுக்கு இருட்டத் தெரியாது.
மூவரும் விழித்தோம்.
கெட்டில்தான் எழுந்தான்,
ஆணியில் சொட்டிக்கொண்டிருந்த தன் கோட்டை எடுத்து
என் தலைமேல் போட்டான்.

ஈரக் கம்பளி வாசம், ஆற்று மண், டீசல்.
எங்கோ ஒரு விசில், பல்லிடுக்கில்.
இருபத்திரண்டு நொடி, என்று பிறகு சொன்னார்,
அந்தச் சுரங்கம் அவ்வளவு நீளம்தான்.

காலையில் இழுவை வண்டி வந்தது.
தண்ணீருக்குக் காப்பீடு இல்லை என்பதை
இரண்டு முறை சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.
காகிதம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.
நீலக் கறையின்மேல் எதையும் எழுதாமல்
நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
என் கிளிப்பையும் சேர்த்து.

இன்று பதினெட்டாவது.
போனில் யாரோ இரண்டு குரலில் அழுகிறார்கள்.
நான் சாவியைத் தேடுகிறேன்.
கெட்டில் கோட்டை மாட்டிக்கொள்ளப் போனவன்
நின்று,
என் பக்கம் நீட்டி,
"சுரங்கம்?" என்கிறான்.