கூரை வகை: ஓடு

பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்:
படுத்திருப்பவரை எண்ணு.
குந்தியிருப்பவரைக் கேட்டு எண்ணு.
நடப்பவரை விடு,
அவர் எங்கேயோ போகிறார்.

இரவு பத்தரை. யாழ்ப்பாணம் பஸ் நிலையம்.
கையில் டப்லெட், கழுத்தில் அட்டை,
சட்டைப் பையில் நுளம்புத் திரி.
கச்சேரி தந்த வரைவிலக்கணம் பாடம்:
கணக்கெடுப்பு இரவன்று
வதியத்தக்க அலகு எதிலும் தங்காதவர்
வீடற்றவர்.
அலகு என்றால் என்ன என்பதற்கு
இன்னும் மூன்று பக்கம் இருந்தது.

பருத்தித்துறை பஸ் நிற்கும் இடத்தில் சவிரிமுத்து,
தூணில் சாயாமல் நிமிர்ந்து இருந்தார்.
"தம்பி, நான் பயணி. முதல் பஸ் அஞ்சு பத்துக்கு."
ரிக்கற்றை எடுத்துக் காட்டினார்,
மை முழுக்கப் போய்
வெறும் வெள்ளைத் துண்டாகிவிட்ட ரிக்கற்.
தேத்தண்ணிக் கடைப் பெடியன் காதுக்குள் சொன்னான்:
பதினொரு வருசமாய் இதே பஸ்தான், அண்ணை.
படுப்பாரோ என்று ஒரு மணித்தியாலம் பார்த்து நின்றேன்.
படுக்கவில்லை.
பயணி என்பதற்குக் கட்டமும் இல்லை.

பெரியாஸ்பத்திரி மதிலோரம் நாலு பேர்.
மூன்று பேருக்கு உள்ளே நோயாளி இருந்தது.
நாலாமவருக்கு இல்லை,
ஆனால் வார்ட் இலக்கம் கேட்டவுடன்
பதினாறு என்றார், கண் வெட்டாமல்.
உறவினர் என்று எழுதினேன்.

இரண்டு மணிக்கு மேல் தூறல் பிடித்தது.
பூட்டிய புடவைக்கடைப் படியில்
சீமெந்துப் பையை விரித்து,
பொலித்தீன் பையொன்றைத் தலைக்கு வைத்து
திரவியநாயகி.
படுத்திருக்கிறார். எண்ணலாம்.
குனிந்தேன்:
உங்களுக்குச் சொந்த வீடு உண்டா?

"இல்லாமல்?"

ஓம் என்பதைத் தொட்டேன்.
தொட்டதுதான், டப்லெட் ஒரு பாய்ச்சலில்
வீடுள்ளோர் பகுதியில் போய் நின்றது.
கூரை?
"ஓடு. பின்விறாந்தைக்கு மட்டும் தகரம்."
சுவர்?
"கல்லு. கலியாணத்துக்கு வெள்ளை அடிச்சது."
அறைகள்?
"மூண்டு. நடுவறை இருட்டு."
குடிநீர்?
"கிணறு. பங்குக் கிணறில்லை, எங்கட."
மலசலகூடம் வீட்டோடா, வெளியேயா?
"வெளியில. இரவில போகப் பயம்."
எரிபொருள்?
"பூவரசம் விறகு. மழைக்கு முதல் அடுக்கிப்போட வேணும்."
ஒரு கேள்விக்கும் யோசிக்கவில்லை.
காணி நாலு பரப்பு, மூன்று குழி.
உறுதி தலைக்குக் கீழே இருந்தது.

எங்கே என்ற கேள்வி மட்டும் வரவில்லை.
நானாகத்தான் கேட்டேன்.
"கம்பிக்கு அங்கால.
தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள்.
முன்கதவு பூட்டினதோ இல்லையோ எண்டு
அவர் சாகுமட்டும் எனக்கும் அவருக்கும் சண்டை."

பதிவு நிறைவுற்றது, நன்றி என்றது திரை.
ஓட்டு வீடு, மூன்று அறை, சொந்தக் கிணறு.
அந்த வீதியில் அன்றிரவு
அவரளவு வசதியாய் ஒருவரும் இல்லை,
நான் உட்பட.
என்னுடையது வாடகை.

எழும்ப, மணிக்கட்டைப் பிடித்தார்.
"அரசாங்க ஆள்தானே,
ஆரையும் கொண்டு கிணத்தை ஒருக்காப் பாப்பியுங்கோ.
வாளி உள்ளுக்கை விழுந்தது.
அண்டைக்கு எடுக்க நேரமில்லை."

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது
சிவப்புக் கோட்டோடு.
பிழை: இந்த இடத்தில் இப்படி ஒரு வீடு இல்லை.
திருத்தவும்.
கீழே இரண்டு தெரிவுகள்:
வீட்டை நீக்கு.
ஆளை நீக்கு.

மேற்பார்வையாளர் சுகிர்தன் மேசைக்கு வந்து
ஏதாவது ஒன்றை அமத்தும் ஐசே,
ஆறு மணிக்குப் பூட்டிவிடுவாங்கள் என்றார்.
ஐந்து ஐம்பது.
ஓரத்தில் குறிப்புக்கென்று சின்னப் பெட்டி,
அறுபது எழுத்துக்குள்.
கிணற்றுக்குள் வாளி கிடக்கிறது, எழுதினேன்.

எழுதிய பிறகும்
இடம் மிச்சமிருந்தது.