சுவருக்கு இந்தப் பக்கம்

படத்தை நான் பார்க்கவில்லை.
காரைக்குடி செக்காலை ரோட்டுத் தியேட்டரில்
வண்டிக்கு டோக்கன் கிழிப்பவள்
சுவருக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும்.
குண்டு விழும்போதெல்லாம்
தகரக் கூரை ஒருமுறை இருமும்.
நூற்றுச் சொச்சம் வண்டிகளும்
ஸ்டாண்டில் நின்றபடியே நடுங்கும்.
எவனோ ஒருத்தனின் புல்லட்
தன்னை யாரோ திருடுவதாக நினைத்து
அலறத் தொடங்கும்.

வெளிநாட்டுப் படம், டப்பிங்.
பனியில் சாகிறவன்
வியாசர்பாடிக்காரன் மாதிரி பேசிச் சாகிறான்.
அதற்குச் சிரிக்கிறார்கள், சுவர் வழியாகக் கேட்கும்.
பிறகு ஓர் இடத்தில்,
எல்லாக் காட்சியிலும் அதே இடத்தில்,
சிரிப்பு நின்றுபோகும்.
அங்கே குண்டுச் சத்தம் கிடையாது.
இரும்பை உள்ளேயிருந்து
கையால் தட்டுகிற சத்தம் மட்டும்.
எண்ணியிருக்கிறேன்.
இருபத்து மூன்று தட்டு.
அப்புறம் இடைவேளை மணி.

"முறுக்கைக் கையில வாங்கிட்டு
திங்காம நிக்கிறாங்கக்கா"
என்று கேன்டீன் முத்தழகு புலம்புவான்.

ஆட்டம் விட்டதும்
படம் என்னிடம் துண்டு துண்டாக வரும்.

"ஹீரோயினே இல்லடா."
"நிஜ டேங்க்குடா, கிராபிக்ஸ் இல்ல,
செயின் சேத்தைத் தள்ளுது பார்த்தியா?"
காலேஜ் பையன்கள், ஒரு வண்டிக்கு மூன்று பேர்.

ஜேசிபி ஓட்டும் மலைக்கண்ணு
ஹெல்மெட்டை மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டினான்.
"எனக்குச் சுத்திக் கண்ணாடி இருக்கு.
அவனுக்கு இருக்கிறது
தபால்பெட்டி வாய் அளவுக்கு ஒரு ஓட்டை."

கண்டனூர் கணக்கு டீச்சர்
பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே
வாய்ப்பாடு சொன்னார்.
"பதினோரு டேங்க் எரிஞ்சது.
பதினோரு நாலு நாப்பத்து நாலு."
"எதிரியோடதையும் சேர்த்தா எண்ணுனே?"
என்றார் வீட்டுக்காரர்.
அதற்குள் சாவி கிடைத்துவிட்டது.

ஒரு குட்டிப் பெண்ணுக்கு ஒரே கேள்வி:
உள்ள இருக்கறவங்க ஒண்ணுக்கு எங்கப்பா போவாங்க?
அப்பா எனக்குப் பத்து ரூபாய் நீட்டிவிட்டு
சில்லறைக்கும் நிற்கவில்லை.

சருகணி சந்தியாகு மூன்று நாளாக வருகிறார்.
பட்டாளத்தில் டேங்க் ஓட்டினவராம்,
முத்தழகு சொன்னதுதான்.
கதவோரச் சீட்டாகக் கேட்டு வாங்குவாராம்.
முதல் நாள்
அந்தத் தட்டல் ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டார்.
மறுநாள் இடைவேளை வரை.
நேற்று முழுசும் பார்த்தார்.

டோக்கன் கேட்டேன். கையை விரித்தார்.
வியர்வையில் ஊறி, பிசைந்து பிசைந்து
புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காகித உருண்டை.
நம்பர் எங்கே தேடுவது?
டோக்கன் தொலைத்தால் ஆர்சி புக் காட்டணும்,
முதலாளி போர்டே எழுதி மாட்டியிருக்கிறார்.
போர்டைப் பார்த்தேன்.
"உங்க டிவிஎஸ் வேம்படியில நிக்குதுண்ணே" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் காளிராசு வந்தான்.
பெரிய வீடுகளில் மாடி ஏறி
தண்ணி டேங்க் கழுவுகிறவன்.
"டேங்க் படம்னா நம்ம தொழிலாச்சேக்கா"
என்று உள்ளே போகும்போது இளித்தவன்.
இப்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"அந்தத் தட்டு இருக்கு பாருங்க" என்றான்.
"உள்ள இறங்கிட்டா
நான் பேசறது எனக்கே ரெண்டு வாட்டி கேக்கும்.
வெளிய ஒண்ணும் கேக்காது."
யாரிடம் சொன்னான், தெரியவில்லை.

சந்தியாகு வண்டியை விட்டுத் திரும்பினார்.
"நீ இறங்கறப்ப
மூடிகிட்ட ஆள் நிக்குமா?"
"மச்சினன் நிப்பான் சார்.
சமயத்துல போன் பார்ப்பான்."
"பார்க்க விடாதே."

அவ்வளவுதான் பேசினார்.
வண்டியை உதைக்காமல்
கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

மணி ஒன்றே கால்.
காளிராசு அங்கேயே நின்று நம்பர் போட்டான்.
வெகுநேரம் மணி அடித்தது.
எடுத்த மச்சினன்
தூக்கக் குரலில் கேட்டது எனக்கே கேட்டது:
"யாரு மாமா செத்தா?"