கப்பல்துறை என்று சொல்லி முடிக்கும் முன்

ஒரு செக்கனுக்கு ஐம்பது படம்.
வேறு நாட்டுப் பெட்டிகளுக்கு அறுபதாம்.
எங்களுக்கு வந்து சேர்ந்தது ஐம்பதின் வகை,
அதனால் என் நேரங்களுக்கு
உலகப் பட்டியலில் தனி வரிசை,
மெதுவானவர்களின் வரிசை.
பரவாயில்லை.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று
ஆறாம் வகுப்பில் பாடமாக்கியது
இதற்குத்தான் உதவியது:
மூன்றாம் கோபுரத்தில் வௌவால் திரும்பும் இடத்தில்
கப்பல்துறை என்று முணுமுணுப்பேன்.
‘ப்’பில் பொத்தானை அமுக்கு,
‘ல்’லில் விடு,
‘றை’ முடியுமுன்
விளக்குக்காரன் சுவருக்குள் பாதி புகுந்திருப்பான்.
சுவர் அவனை என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபக்கம் துப்பிவிடும்.
பதினேழு படம் மிச்சம்.

பக்கத்துக் கடை மரியநாயகம்
மாலுபாண் தட்டோடு எட்டிப் பார்த்து
“என்ன, செபமோ?” என்றார்.
அவருக்குக் கப்பல்துறையில் காணி இருக்கிறது.
எனக்கு அங்கே ஒருவருமில்லை.

சீனக்குடா மா ஆலையில் வேலை முடிந்து
டைக் வீதிக்கு வர இரவு எட்டரை.
விரல் ரேகையெல்லாம் மா.
நிப்ராஸின் போன் திருத்தும் கடையில்
பழைய பெட்டியின் பொத்தான்களுக்குள்ளும் மா,
சில நாள் அதுவே ஒட்டிக்கொண்டு
என்னைக் கடலில் தள்ளும்.

போன மார்கழியில் நிப்ராஸ்
ஆட்டத்தையே திறந்தான்,
ஒரு போனின் முதுகைத் திறப்பதுபோல.
கோபுரத்தைக் கழற்றிக் கோட்டை வாசலைப் பூட்டினான்.
வௌவால்கள் காகங்களாயின.
கடைசி அரக்கன் துறைமுகத்துப் பாரந்தூக்கி,
கொக்கியில் மூன்று அடி விழுந்தால் சாயும்.
நாலு நிறத்துக்குள் உள்துறைமுகம் எப்படி அடங்கியதென்று
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆறாம் கட்டம் தண்ணீர்.
மூல ஆட்டத்தில் அங்கே ஒரு தெப்பம்,
ஏறி நின்றால் இருபது படத்தில் தாழும்.
தாழ்கிறபோது குந்தினால்
தரைக்குக் கீழே விழுந்து
கட்டத்தின் முடிவில் எழும்பலாம்.
நாலு செக்கன் லாபம்.
நாலு செக்கனுக்காக வருடக்கணக்கில் தூங்காதவர்கள் உண்டு.

நிப்ராஸ் தெப்பத்தைப் பாதை ஆக்கியிருந்தான்,
கிண்ணியாப் பக்கத்துப் பாதை.
இரண்டு கயிறு, ஒரு தகரக் கூரை,
கூரைக்குக் கீழே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.
ஏறினேன். குந்தினேன்.
தாழவில்லை.

“தாழ்ற துண்டு விடுபட்டுப் போச்சு போல.”
“விடுபடல்ல.”
“நாலு செக்கன், மச்சான்.”
“அது தாழாது.”
பற்றவைத்த ஈயத்தின் புகையை ஊதிவிட்டு
அடுத்த போனை எடுத்தான்.
வெள்ளைப் புள்ளிகள் என்னவென்று
நான் கேட்கவில்லை.

ஆகவே நீள வழி.
அக்கரை நெருங்கும்வரை நின்று தாவ வேண்டும்.
கப்பல்துறை அங்கே இரண்டு படம் பிந்தியது.
நிலாவெளி இழுபட்டது.
தம்பலகாமம் முடிவதற்குள் கரையே போய்விட்டது.
ஒரு கிழமை ஊர் ஊராகச் சொல்லி விழுந்தபிறகு
“கிண்ணியா எண்டு சொல்லிப் பாருங்கோவன்”
என்றான், திரும்பாமலே, பகிடியாக மரியாதை வைத்து.
‘ண்’ணில் அமுக்கினேன்.
மணலில் கால் பட்டது.

நேற்று பன்னிரண்டு நிமிடத்துக்குள் போய்க்கொண்டிருந்தேன்.
பாரந்தூக்கிக்கு இரண்டடி விழுந்திருந்தது.
கரண்ட் போனது.
இருட்டில் விரல்கள் நிற்கவில்லை.
மூன்றாம் அடி. ஏணி. கப்பல்துறை. கதவு.
நிப்ராஸின் போனில் மட்டும் நேரம் ஓடிற்று.
“முடிஞ்சா?”
“முடிஞ்சு.”
பதினொன்று ஐம்பத்தெட்டு.

படமில்லாத ஓட்டம் செல்லாது,
இரண்டு பேருக்கும் தெரியும்.
ஆனாலும் பெட்டியின் அட்டை மூடியில் எழுதினான்.
வாசலில் குந்தி
அதையே விசிறியாக்கி மாறி மாறி வீசிக்கொண்டிருந்துவிட்டு
அங்கேயே போட்டுவிட்டு எழும்பிப் போனோம்.

காலையில் கொம்பு முறிந்த மான் ஒன்று
அட்டையை மென்றபடி நின்றது.
மரியநாயகம் தும்புத்தடியால் விரட்டியும்
மெல்லுவதை விடவில்லை.
செக்கன்களைத் தின்றுவிட்டது.
பதினொன்று மட்டும் இருக்கிறது,
எச்சில் ஈரத்தோடு.