குளிசை அட்டைகள்

இரவு இரண்டு மணிக்குத்தான் அது வரும்,
சல்லடை அறைத் தூசைத் தட்டிவிட்டு
நான் வீடு சேரும் நேரம்.
பாயில் எழும்பி உட்கார்ந்திருப்பாள் வினோஷிகா,
இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி,
தங்கச்சி முழித்துவிடுவாள் என்று
அழாமல்.

பகலில் அவ்வளவாய் இல்லை.
அதனால் யாரும் நம்பவில்லை.
பள்ளிக்கூடக் கள்ளம் என்றார் சேர்.
டிக்கோயாவில் படம் பிடித்தார்கள்: சுத்தம்.
வளர்ற வலி என்றார் ஒரு டொக்டர்,
பேக் பாரம் என்றார் இன்னொருவர்.
அதற்குள் காலைக் கூட்ட வரிசையில்
அவள் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றாள்,
மண் இறங்கிய இடத்துச் சவுக்கு மாதிரி.

நான் செய்தது ஒன்றுதான்.
மஸ்கெலியா பாமசியில்
துண்டு இல்லாமல் வாங்கிய புரூபன்.
கொடுத்த அரை மணியில் தூங்கிவிடுவாள்.
ஒன்றரை வருஷம்.
வெற்று அட்டைகளை
அவள் அம்மாவுக்குத் தெரியாமல்
பால்மா டின்னுக்குள் அடுக்கி வைத்தேன்.

கண்டியில் அந்த டின்னைத் திறக்கும்போது
கை கூசியது.
டொக்டர் இந்தீவரி திட்டவில்லை.
அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தார்.
"ராத்திரியிலதானா? இதுக்கு மட்டும் கேக்குதா?"
மிஸ் தமிழில் திருப்பிக் கேட்டாள்.
ஆமாங்க என்றேன்.
ஸ்கேனுக்கு முன்பே அவர் விரல்
கீழ்முதுகில், சாய்ந்த பக்கமே,
ஓர் எலும்பில் போய் நின்றது.
பிள்ளை துள்ளினாள்.

படத்தில் வெள்ளை எலும்புக்குள் ஒரு கருவட்டம்,
வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு.
"கூடு" என்றார் டொக்டர், தமிழிலேயே.
புற்று இல்லையாம். பரவாதாம்.
ஆனால் கட்டியிருப்பது
நரம்பை ஒட்டி.

கால் விளங்காமல் போகலாம்
என்ற வரிக்குக் கீழே கையெழுத்து.
அந்தக் கிழமை செக்ரோலில்
எனக்கு அரைப்பேரும் இல்லை.
இங்கே முழுப்பேரையும் எழுதச் சொன்னார்கள்.

நாலு மணித்தியாலம்.
பிறகு ஒரு சின்னப் போத்தலைக் காட்டினார்கள்.
இருபது வருஷம் தூள் சலித்த கண் எனக்கு,
எது எந்த வலையில் நிற்கும்
எதில் விழும் என்று பார்த்ததும் சொல்வேன்.
சிவப்பாய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாய் இருந்த இதை
எதில் போட்டுச் சலிப்பது?

முதுகு நிமிர மாசக் கணக்காகும் என்றார்கள்.
அன்றிரவு வாட்டுக்கு வெளியே வாங்கில்
இரண்டு மணிக்கு முழித்துவிட்டேன்.
கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.
கண்ணாடிக்கு அப்பால்
அவளும் முழித்திருந்தாள்.
மிஸ் உள்ளே விட்டாள்.

"வலிக்குதாம்மா?"
"வெட்டின எடம் வலிக்குது.
அது இல்லப்பா."
சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

போர்வை நுனியில் ஒரு கால்விரல் அசைந்தது.
இன்னொரு தரம் அசையட்டும் என்று
விடியும்வரை நின்றேன்.