அரை அங்குலம்

லான் கடையில் காற்றுக்குமிழ் ஓடும் தொட்டிக்குள்
விரல்நீள மடவைகள் ஒரே திக்கில் சுற்றுகின்றன.
டஜன் எட்டு டாலர்,
செத்தது பாதி விலை.
செத்ததை நான் எடுப்பதில்லை.
தட்டைமீன் படுத்தே கிடப்பதைப் பார்த்து
எது போட்டாலும் தின்னும் என்று நினைப்பவர்கள்
டெக்சாஸ் கரை முழுக்க வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.
தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு
உருப்பட்ட ஒரே பிராணி அது.

"எவரிஸ்டோ, ரசீது வேணுமா?"
என்கிறாள் லான், சிரிக்காமல்.
போன வருஷத்திலிருந்து இதே கேள்வி.

போன வருஷம் என்னிடம் ஈட்டி இருந்தது.
நெற்றியில் விளக்கு, முழங்கால் தண்ணீர்,
மணலுக்கடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு.
குத்தினேன்.
ஈட்டி முதலில் கொல்லும்,
பிறகுதான் அளக்க விடும்.
கரையில் நின்றிருந்தார் ஹாலிஸ் ட்ரூட்,
சட்டையில் மாநில வில்லை, கையில் அளவுப்பலகை.
அரை அங்குலம் குறைவு.
ஒரே ஒரு தடவை அளந்தார்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
கையெழுத்து மணிமணியாக இருந்தது.
அந்தச் சீட்டுக்காக
வண்டியின் பின்டயர் இரண்டும் மழைக்காலம் வரை
வழுக்கையாகவே ஓடின.

ஆகவே இப்போது கோல்.
பின்னல் நூலில் உருளும் ஈயக்குண்டு,
அடுத்து ஒரு சிவப்பு மணி
(மீனை மயக்கும் என்று விற்கிறார்கள்,
முடிச்சு நசுங்காமல் காப்பதுதான் அதன் வேலை),
சுழலி, அதற்கப்பால் ஒரு முழம் தங்கூசி,
நுனியில் ஒற்றை முள்.
மும்முள் கொத்தை டப்பாவிலேயே விட்டுவிட்டேன்.
சின்னதைத் திருப்பி அனுப்பும்போது
அதற்கு வாய் என்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டாமா.

கதவின் மணி அடித்தது.
கட்டம்போட்ட சட்டையில், வில்லை இல்லாமல், ஹாலிஸ்.
கூலரைத் திறந்து
உறைந்த இறால் பொட்டலத்தை எடுத்தார்,
வைத்தார், மறுபடி எடுத்தார்.
"நாலு ஞாயிறு" என்றார், எங்கோ பார்த்து,
"ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீ என்ன போடுகிறாய்?"

லான் கல்லாவில் இல்லாத சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

சொன்னேன். உயிர் மடவை,
கீழுதட்டில் நுழைத்து மேலுதட்டில் வெளியே.
சிப்பித்திட்டைத் தாண்டி, வற்றம் இழுக்கும் ஓடையின் வாயில்
அடியோடு அடியாக, மெதுவாக.
எல்லாம் நிஜம்.
கடித்த பிறகு பத்து எண்ண வேண்டும் என்பதை மட்டும்
சொல்லவில்லை.
கேட்கவில்லையே.

சேற்றில் இருபது அடி தள்ளி நின்றோம்.
அவர் கோல் தட்டியது. இழுத்தார்.
பாதி மடவை வந்தது.
மறுபடி தட்டியது. மறுபடி பாதி.
கத்தரித்தாற்போல் பிறை வடிவில் வெட்டு.
மூன்றாவது பாதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கணக்குத் தவறிய பையனைப் போல் நின்றார்.

தட்டைமீன் குஞ்சாக இருக்கையில்
இரண்டு கண்ணும் இரண்டு பக்கம்தான்.
ஒன்று மெல்ல நகர்ந்து, மண்டையைச் சுற்றி,
மற்றதன் பக்கத்தில் வந்து குடியேறும்.
அன்று காலை என் கண்களும் அப்படித்தான்.
மிதவையை விட்டு, ஓடையை விட்டு
இரண்டுமே அவர் பக்கம்.

நான்காவது தட்டலில்
"எண்ணு" என்று கத்திவிட்டேன்.
ஏன் என்று தெரியாது.
உதடு அசைய எண்ணினார். ஏழு. எட்டு.
கோல் வளைந்தது.
பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முறம்
தண்ணீரை அறைந்துகொண்டு வந்தது.

பலகையை விரித்தார்.
மூக்கை முட்டவைத்து அளந்தார்.
வாலின் இரு நுனியையும் சேர்த்துக் கிள்ளி அளந்தார்.
பலகையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு
மூன்றாம் முறை அளந்தார்.

நான் என் சிவப்பு மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

தண்ணீரில் அதைப் பிடித்திருந்தார், வெகுநேரம்.
பிறகு கையை விரித்தார்.
கலங்கிய இடத்தில் மணல் அமர்ந்தது.

"எவ்வளவு?" என்றேன்.
"அரை" என்றார்.

என் வாளியில் ஐந்து மடவை பாக்கி.
இரண்டை அவர் வாளிக்கு மாற்றினேன்.
விலை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
வற்றம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.