ஒன்பதாம் தொகுதி

வாங்கிப் பதினொரு நாள் ஆயிற்று.
அரிசி டப்பாவின் மேல் கிடந்தது,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.
"இன்னும் படிக்கலையா?" என்று நீ கேட்கும்போதெல்லாம்
கண்ணாடியைக் காணோம் என்றேன்.
கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது.

பயம், தொமொயே. வேறென்ன.
நம் மாதிரிப் பெண்களை வரைகிறவர்கள்
கடைசித் தொகுதியில்தான் கை வைப்பார்கள்.
ஒருத்திக்கு இருமல் வரும்.
இல்லையென்றால் ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை.
அதுவும் இல்லையா, ரயில் நிலையம், பனி,
கதவு மூடியபின் ஓர் உதட்டசைவு.
பதினேழு வயதிலிருந்து நான் அடக்கம் செய்த ஜோடிகளைக் கொண்டு
ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம்.
பாதிப்பேர் சீருடையில்தான் இருக்கிறார்கள்.

இன்று நம் சலவை இயந்திரம் செத்தது.
ஒதாருவின் பிப்ரவரியில்
ஈரத் துணியும் புத்தகமுமாய் ஒரே பை,
சரிவில் பாதி நடந்து பாதி சறுக்கி
காசு போட்டால் சுற்றும் சலவைக்கடைக்குப் போனேன்.
நூறு யென்னுக்குப் பத்து நிமிடச் சூடு.
மூன்று நாணயம்.
உறையைப் பல்லால் கிழித்தேன்.

நாகிக்கு இப்போது முப்பத்தொன்பது.
இன்னும் லிஃப்ட் பழுது பார்க்கிறாள், முழங்காலில் பட்டையோடு.
எட்சுகோவுக்கு நாற்பத்து நான்கு. மீன் ஏலத்தில் கணக்கு.
விவாகரத்தான வருடம் வெட்டிய முடியை
பிறகு அவள் வளர்க்கவே இல்லை.
வரைகிறவருக்கும் வயதாகிவிட்டது;
கழுத்துச் சுருக்கத்தை
இப்போதெல்லாம் தயங்காமல் ஒரே கோட்டில் போடுகிறார்.
முதல் தொகுதியில் இருவருக்கும்
வாத்துக் கழுத்து, ஞாபகம் இருக்கிறதா?

நாற்பதாம் பக்கத்தில் சண்டை.
எரியாத குப்பை செவ்வாய் என்கிறாள் ஒருத்தி.
வியாழன் என்கிறாள் மற்றவள்.
கதவு அறைகிறது. கோப்பை உருளுகிறது.
சரி, இதோ பிரிவு வந்துவிட்டது என்று
மூச்சைப் பிடித்துப் பக்கம் திருப்பினால்
குப்பைப் பையோடு வாசலில் நிற்கிறாள் நாகி,
நாள்காட்டியைப் பார்த்தபடி, காது சிவந்து.
ஊடல். வெறும் ஊடல்.

நூறைத் தாண்டியதும் வாடகைப் படிவம்.
'உறவு' என்று ஒரு கட்டம்.
பதினான்கு வருடமாய் நாம்
'தோழி' என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடி, தரையைப் பார்க்கிற அதே கட்டம்.
எட்சுகோ எழுதுகிறாள்.
என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.
தரகனின் முகம்தான் தெரிகிறது:
புருவம் ஏறுகிறது,
அங்கேயே ஒரு கணம் நிற்கிறது,
இறங்குகிறது.
முத்திரை.
'டப்' என்ற எழுத்து மட்டும் முழுப் பக்கத்துக்கு.

நான் ஏதோ கத்தியிருக்கவேண்டும்.
கால்பந்துச் சட்டை மடித்துக்கொண்டிருந்த பையன்
திரும்பிப் பார்த்தான்.
உலர்த்தி எப்போதோ நின்றிருந்தது.
துணி மொடமொடவென்று காய்ந்தும் இருந்தது.
இன்னொரு நூறு யென் போட்டேன்.

கடைசிப் பக்கத்தை உன்னிடம் சொல்லக்கூடாது.
ஆகவே இதைத் தாளிடம்தான் சொல்கிறேன்,
நீ காதை மூடிக்கொள்.
வீடு நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
லிஃப்ட்காரி எடுத்த வீட்டில் லிஃப்ட் இல்லை!
கொதாட்சு மேசையை ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்து
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
படியில் இறக்கிவிட்டு உட்காருகிறார்கள்.
முதன்முதலில் மாட்டிக்கொண்டு நின்றார்களே,
விளக்கு அணைந்த பெட்டிக்குள் அந்நியர்களாய்,
அதே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே.
நாகி வாய் திறக்கிறாள்.
பேச்சுக்குமிழ் காலி.
எட்சுகோ சிரிக்கிறாள்,
கடைவாய்ப்பல்லில் அடைத்த உலோகம் தெரிய.
அவ்வளவுதான்.

தோளில் பனியோடு வீட்டுக்குள் நுழைகையில்
முள்ளங்கி சீவிக்கொண்டே கேட்டாய்:
"யாராவது சாகிறார்களா?"
இல்லை.
"பிரிகிறார்களா?"
மேசை கனமாக இருக்கிறது, என்றேன்.
என்ன புரிந்ததோ, தலையாட்டினாய்.
கையை என் சட்டையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி
அரிசி டப்பாவின் மேல் வைத்தாய்.
"சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறேன்."

பைக்குள் துணி இன்னும் சூடாக இருந்தது.
உன் பச்சைக் காலுறையில் ஒன்றைக் காணோம்.
உலர்த்திக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.
நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், இரண்டு பேரும்.